பூதத்தின் வாயில் இரவுச் சாப்பாடு

மே 4

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் நலமில்லை, அது தனிக் கட்சி. போனில் பேசினால் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, "இனிமே அப்பனும் மகளும் எழுதியே தொலைங்க" என்று அம்மா தீர்ப்புச் சொன்னது நல்லதாகப் போயிற்று. காகிதத்தில் எனக்குக் கத்தத் தெரியாது.

கேளிக்கைப் பூங்கா விடுதியின் சாப்பாட்டுப் புத்தகம் வந்து சேர்ந்தது. போன வருஷம் போன ஓட்டல் வேண்டாம், புதிதாக ஒன்று பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். ஒன்பதாம் வகுப்பில் கோட்டை விட்டவன் கையில் மறுபடியும் வினாத்தாள். முழுக்கப் படித்தேன். அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை.

ஒன்று, திமிங்கிலத்தின் வயிறு. சுவரெல்லாம் சிவப்பாக, ஈரமாக, மெதுவாக அசையுமாம். அதற்குள் உட்கார்ந்து சூப் குடிக்க வேண்டுமாம். இன்னொருவர் வயிற்றில் உட்கார்ந்து நம் வயிற்றை ரொப்பிக்கொள்வது என்ன நியாயம்?

இன்னொன்று, ஆஸ்பத்திரி. நர்ஸ் வேஷம் போட்ட பெண் பழச்சாற்றை ஊசியில் எடுத்து வாயில் பீச்சுகிறாள். மஞ்சள் பானம் வருகிற கோப்பையைப் பார்த்தாயா? சர்க்கரைப் பரிசோதனைக்கு என்னிடம் கொடுத்து "பாத்ரூம் அந்தப் பக்கம்" என்பார்களே, அதே கோப்பை. மூடி உட்பட. உவ்வே.

மிச்சம், பூதத்தின் வாய். பூதத்தின் நாக்கில் உட்கார வேண்டும். சிவப்பு ரெக்ஸின் நாக்கு. சினிமா தியேட்டர் இருக்கை தைத்தே கிழவனானவன் நான். தின்றுகொண்டே உட்காரும் இருக்கையின் இடுக்கில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். போன வாரம் ஒன்றைப் பிரித்தேன். காய்ந்த சூயிங்கம், ஐஸ்கிரீம் குச்சி, அதற்கும் கீழே ஒரு கட்டுப்பல். பல்லை விட்டுவிட்டு அந்த மனிதர் எப்படி வீடு போய்ச் சேர்ந்தாரோ.

ஆனாலும் நம் பேத்திக் குட்டிக்குப் பூதம் என்றால் உயிர். பூதமே இருக்கட்டும்.

புத்தக அட்டையில் இளிக்கிற தவளை ராஜாவைக் கவனித்தாயா? உனக்கு இருக்கிற மாதிரியே முன்பல் ஒன்று கோணல். கம்பி போடலாம் என்றதற்கு வீட்டையே இரண்டாக்கினாயே. தவளையும் அப்படித்தான் அழுதிருக்கும்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். குட்டிக்கு முத்தம்.

அப்பா


மே 10

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். கட்டுப்பல் இடம் வந்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டார். பூதத்தின் வாயிலேயே மேசை போட்டுவிட்டேன். பெரியவர்கள் மூன்று பேர், குட்டி ஒன்று. அம்மா கால் வலியோடு வர மாட்டேன் என்கிறாள், நானும் வற்புறுத்தவில்லை.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். நேரில் சொன்னால் நீங்கள் ஜோக் அடித்து நழுவிவிடுவீர்கள்.

போன வருஷம் அவருடைய மேலாளர் குடும்பமும் நம்மோடு சாப்பிட உட்கார்ந்தது. அவர்கள் பையன் பாதி கடித்துவிட்டு வைத்த பர்கரை நீங்கள் எட்டி எடுத்துத் தின்றீர்கள். அதில் அவன் வாயிலிருந்து விழுந்த துண்டுகூட ஒட்டியிருந்தது. மேலாளர் மனைவியின் முகம் போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நான் எல்லோர் முன்னாலும் "சீ" என்றேன். அப்படிச் சொன்னது தப்பு என்று அம்மா இன்றுவரை என்னைத் திட்டுகிறாள். ஆனால் பொய் சொல்ல என்னால் முடியவில்லை அப்பா. எனக்குக் குமட்டியது.

இந்த முறை யார் தட்டிலும் கை வைக்காதீர்கள். குட்டியின் தட்டிலும்தான். அவளுக்கும் அந்தப் பழக்கம் வந்துவிடக் கூடாது. வாக்குக் கொடுத்தால்தான் சேர்ந்து சாப்பிடலாம். இல்லையென்றால் உங்களுக்கு அறைக்கே வரவழைத்துவிடுகிறேன்.

கோபமாக எழுதவில்லை. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்கள், பின்னால் இல்லை.

உங்கள் மகள்


மே 15

அன்பு மகளுக்கு,

வாக்குக் கொடுத்தேன். கையெழுத்தும் கீழே இருக்கிறது, பத்திரமாக வைத்துக்கொள்.

அந்த பர்கர் கதையில் என் பக்கத்தையும் கேட்டுக்கொள். நம் வீட்டில் தட்டைத் தள்ளி வைத்தால் என்ன அர்த்தம்? "அப்பா, போதும், இது உனக்கு." நீ பேசக் கற்பதற்கு முன்னாலேயே தள்ளக் கற்றாய். ரொட்டியின் நடுவைக் குடைந்து தின்றுவிட்டு ஓரத்தைத் தள்ளுவாய். முட்டையில் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளைத் தள்ளுவாய். சமயத்தில் மென்று பார்த்துப் பிடிக்காமல் துப்பியதையும் தள்ளுவாய், மகாராணி. எனக்கென்று அம்மா தனியாகப் போட்டது குறைவுதான். உன் மிச்சத்தில் வளர்ந்த தொப்பை இது.

அந்தப் பையன் தட்டைத் தள்ளினான். கை போய்விட்டது. கைக்கு மேலாளர் மகன் என்றெல்லாம் தெரியாது, அதுவும் ஒன்பதாம் வகுப்புதான்.

இப்போது நினைத்தால் எனக்கே வயிற்றைப் புரட்டுகிறது. யார் பெற்ற பிள்ளையோ, மூக்கு வேறு ஒழுகிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் அம்மாவிடம் படித்தேன். "அவ தள்ளினதைத் தின்னப்போ இனிச்சுது, இப்ப அவளுக்குக் கசக்குதா?" என்றாள். அதை எழுத வேண்டாம் என்றும் சொன்னாள். எழுதிவிட்டேன். வழக்கம்போல இரண்டு பேரிடமும் மாட்டிக்கொண்டேன்.

அறைச் சாப்பாடு வேண்டாம். உங்களோடு உட்காருகிறேன். கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறேன்.

அப்பா


ஜூன் 6, விடுதி, காலை

மகளே,

உன் அறைக் கதவைத் தட்ட மனம் வரவில்லை. கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

நேற்று நடந்ததை என் மனதிலாவது வரிசைப்படுத்திக்கொள்கிறேன். பூதத்தின் நாக்கு நான் நினைத்ததைவிட மோசம். உட்கார்ந்ததும் தொழில் புத்தி இடுக்கில் விரலை விட்டது. பழைய உருளைக்கிழங்கு வறுவலும் யாரோ ஒருத்தியின் முடிக்கற்றையும் வந்தன. நீ பல்லைக் கடித்தாய். உள்ளேயே திரும்ப வைத்துவிட்டேன். மேலே அண்ணத்திலிருந்து பூதம் ஜொள்ளு விடும்படி குழாய் வைத்திருக்கிறார்கள். ஒரு சொட்டு சரியாக என் சூப்பில் விழுந்தது. பரிமாறிய எலும்புக்கூடு, "அதிர்ஷ்டசாலி சார் நீங்க!" என்று கைதட்டினான். பூதத்தின் எச்சில் என் சூப்பில் விழலாம், குட்டியின் எச்சில் மட்டும் ஆகாது. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, கவனித்தாயா?

அப்புறம் குட்டி தவளை கேக்கில் கால் இரண்டையும் தின்றுவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள். தவளை உடம்பு முழுக்கப் பச்சைக் கிரீம், அதில் அவள் நாக்குத் தடம்.

"தாத்தா, உனக்கு."

"வேணாம் கண்ணு. தாத்தாவுக்கு வயிறு ரொம்பிடுச்சு."

"பொய். நீ சூப்பே குடிக்கல."

இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். மறுபடி தள்ளினாள். நான் மறுபடி வேண்டாம் என்றேன். அவள் உதடு பிதுங்கியது.

"நான் அழுக்கா தாத்தா?"

அழ ஆரம்பித்தாள். நீ என்மேல் பாய்ந்தாய். "ஒரு வாய் வாங்கிக்கிட்டா என்னப்பா? கொழந்தைகிட்டயா வீம்பு?"

"நீதானம்மா வேணாம்னு எழுதின."

"எழுதினா? எது எப்ப செய்யணும்னு தெரியாதா உங்களுக்கு?"

நாக்கில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். மாப்பிள்ளை பாவம், மெனு அட்டையைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்துக்கொண்டிருந்தார்.

தின்றால் சீ. தின்னாவிட்டால் வீம்பு. எனக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை, அதனால் வீட்டுப் பக்கம் போகிறேன். காலை பஸ் இருக்கிறது. குட்டியிடம், தாத்தாவைத் தியேட்டரில் அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்று சொல். அவள் அழுக்கில்லை என்றும் சொல். அதை முதலில் சொல்.

அப்பா


ஜூன் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று அம்மா சொன்னாள். என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நீங்கள் போன பிறகு ஆஸ்பத்திரி ஓட்டலுக்குப் போனோம். நீங்கள் எழுதியது நினைவு வந்து, அந்த மஞ்சள் பானத்தை என்னால் தொட முடியவில்லை. உங்களால்தான்.

குட்டி இப்போதெல்லாம் சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் தள்ளுவதில்லை. தானே எடுத்துப் போய்க் குப்பையில் கொட்டுகிறாள். அன்றைக்கு ஒரு அரை ரொட்டியைக் கொட்டும்போது, "இது அழுக்கும்மா, யாரும் தின்னக் கூடாது" என்றாள். எனக்கு என்னவோ போலிருந்தது.

இப்படித்தானே வளர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்? அப்படியே நடந்துவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை.

அப்பா, அடுத்த முறை அவள் தட்டில் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். மேலாளர் குடும்பத்தோடு உட்கார வேண்டாம், அவ்வளவுதான். அடுத்த பள்ளி லீவில் மறுபடி போகலாம் என்கிறார் அவரும். எந்த ஓட்டல் என்று எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஜூன் 22

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்த சூட்டோடு ஒத்திகை பார்த்தேன். ராத்திரி அம்மா கொஞ்சம் சோறு மிச்சம் வைத்தாள். "கொண்டா" என்று வாங்கினேன். இத்தனை வருஷம் நான் முடித்த தட்டுதான். ஒரு கவளம் உருட்டினேன். அதில் அவள் விரல் போன தடம் தெரிந்தது. ஓரத்தில் அவள் கடித்து வைத்த மிளகாய். வாயில் வைத்ததும் நெஞ்சை அடைத்துக்கொண்டு ஓங்கரிப்பு வந்தது. ஓடிப்போய்த் துப்பினேன்.

அம்மா தட்டைக் கழுவி வைத்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளும் பார்த்தேன். முடியவில்லை. இப்போது அவள் குடித்த தம்ளரைக்கூட நான் கழுவிவிட்டுத்தான் குடிக்கிறேன். அவள் பார்க்காதபோது கழுவுகிறேன். கட்டுப்பல்லை வெறும் கையால் எடுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவன், பெண்டாட்டி தம்ளரைக் கழுவுகிறேன். சிரிப்பாக இல்லை?

போன வருஷம் நீ சொன்னது ஒரே ஒரு எழுத்துதான். அது தொண்டையில் முள் மாதிரி குறுக்கே நிற்கிறது. உன்மேல் தப்பில்லை. உனக்குக் குமட்டியது, சொன்னாய். இப்போது எனக்கும் குமட்டுகிறது.

ஆகவே நான் வரவில்லை. குட்டி மறுபடி தட்டைத் தள்ளி, நான் வாங்கி, அவள் முன்னாலேயே ஓங்கரித்தால் என்ன ஆவது? வாங்காமல் இருந்ததையாவது அவள் மறப்பாள். ஓட்டலை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா


ஜூலை 1

அப்பா,

கவரை மெதுவாகப் பிரியுங்கள்.

விடுதியில் வாங்கிய தவளை ராஜா பிஸ்கட் ஒன்று டப்பாவில் மீந்திருந்தது. தட்டைத் தபாலில் தள்ள முடியாது. அதனால் இப்படித் தள்ளியிருக்கிறோம்.

முடியாவிட்டால் பரவாயில்லை. தூக்கிப் போட்டுவிட்டு, போட்டேன் என்று உள்ளதை எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஜூலை 8

அன்பு மகளுக்கு,

கவர் வந்தபோதே எண்ணெய் ஊறிக் கருத்திருந்தது. தபால்காரர் அதை இரண்டு விரலால் பிடித்து நீட்டி, "உள்ள என்னங்க, உசுரோட இருக்கா?" என்றார். கேட்டிலிருந்து வாசல்படிவரை எறும்பு அவருக்குப் பின்னாலேயே வந்தது.

பிரித்தேன். தவளை ராஜா பாதி நொறுங்கி, பச்சைச் சர்க்கரை உருகி, உன் கடிதத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தார். கவர் பசை நாற்றம். ஒரு கண் இல்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கண்றாவி! தூக்கிக் குப்பையில போடுங்க" என்றாள். போடத்தான் எழுந்தேன்.

எழுந்தவன் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். காலில் ஒரு கடி. சின்னதாக, அரிசிப் பல் வரிசை. குட்டி. சரி.

தலையில் இன்னொரு கடி இருந்தது. பெரியது. அதில் ஒரு பல் மட்டும் வரிசையில் நிற்காமல் குறுக்கே திரும்பியிருந்தது.

இதைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. கழுதை.

நல்லவேளை, அந்தப் பல்லுக்குக் கம்பி போடவில்லை.

எறும்பை ஊதினேன். உன் கடிதத்தில் ஒட்டியதைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன், பாதி எழுத்தும் சேர்ந்து வந்துவிட்டது. வாயில் வைத்தேன். சோப்பும் சர்க்கரையும் தபாலாபீசும் கலந்த ருசி. இவ்வளவு கேவலமான பண்டத்தை என் வாழ்நாளில் நான் தின்றதில்லை. ஒருமுறை மேலே வந்தது. விழுங்கினேன். அப்புறம் வரவில்லை. முடித்துவிட்டுக் கவரையும் தட்டிப் பார்த்தேன்.

அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தான் குடித்துக்கொண்டிருந்த டீயை, பாதி தம்ளர், என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போனாள். கழுவாமல் குடித்தேன்.

ஆஸ்பத்திரி வேண்டாம். அந்தக் கோப்பையை என்னால் மன்னிக்க முடியாது. திமிங்கிலத்தின் வயிற்றில் மேசை சொல்லிவிடு. அம்மாவுக்கும் சேர்த்துச் சொல், முழங்காலை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னைக் குட்டிக்கும் உனக்கும் நடுவில் உட்கார வை.

அப்பா

பி.கு. எறும்பு ஒன்றிரண்டு உள்ளே போயிருக்கலாம். நம் குடும்பமில்லை, இருந்தாலும் போகட்டும்.