சமையலறை இருந்த இடம்

மில்பிடாஸ்,
செப்டெம்பர் 21.

சேசு மரி சூசை துணை

அன்புத் தம்பி கபிலாஷுக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அத்தானும் மகள் லக்ஷிகாவும் நல்ல சுகம். நீயும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். விளக்கமறியல் சிறையில் கிடக்கிறவனிடம் சுகம் விசாரிப்பது விசர் வேலைதான். ஆனாலும் கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று அம்மா பழக்கிவிட்டார், கை தானாக அதை எழுதுகிறது.

இந்தக் கடிதத்தைப் பங்குச் சுவாமி தன்னுடைய ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து உன்னிடம் கொண்டுவருவார். தபாலில் நான் அனுப்புகிற கடிதங்களை மறியல் கந்தோரில் பிரித்து வாசித்துவிட்டுத்தான் தருகிறார்களாம். போன கடிதத்தில் பாதியைக் கறுப்பு மையால் அழித்திருந்தார்கள் என்று நீ அம்மாவிடம் சொன்னாயாமே. அதில் நான் எழுதியிருந்தது லக்ஷிகாவின் பல்லுக்குக் கம்பி போட்ட கதை. அதற்குள் என்ன இரகசியத்தைக் கண்டார்களோ தெரியாது. எதற்கும் இதை வாசித்ததும் சுவாமியிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

உன் வழக்கை உனக்கே சொல்கிறாள் என்று நினைக்காதே. எனக்கு ஒருக்கால் எழுதிப் பார்த்தால்தான் நம்ப முடிகிறது. எங்கள் காணியைப் பிடித்துப் படையினர் கட்டிய உல்லாச விடுதியில் புதிதாக ஒரு நீச்சல் குளம் திறந்தார்கள். அந்தப் படத்தை யாரோ முகநூலில் போட்டார்கள். நீ அதன் கீழே, இந்தக் குளம் இருக்கும் இடத்தில்தான் எங்கள் சமையலறை இருந்தது என்று ஒரே ஒரு வரி எழுதினாய். அதில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு ஆச்சரியக்குறி கூட இல்லை. நீ கணக்கு வாத்தியார்தானே, கரும்பலகையில் விடை எழுதின மாதிரித்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் காணி இழந்த சனமெல்லாம் தங்கள் கிணறு எங்கே, மாட்டுக்கொட்டில் எங்கே, கக்கூசு எங்கே என்று எழுதத் தொடங்கினார்கள். பிறகு எல்லோருமாக விடுதி வாசலில் கூடி அடுப்பு மூட்டிச் சோறு காய்ச்சினீர்கள். நீயும் ஒரு அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். இதற்குப் பயங்கரவாதத் தடைச் சட்டம்!

லக்ஷிகாவுக்கு இதை விளக்க முடியாமல் நான் பட்ட பாடு. ஃபார் எ கமென்ட் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தன் பள்ளிக்கூடச் சாப்பாட்டைப் பற்றித் தான் இதைவிட மோசமாக ஒவ்வொரு நாளும் எழுதுகிறாளாம். போய்ப் படி என்று ஏசிவிட்டேன்.

இனி அந்தோனிப்பிள்ளை அங்கிளின் கதை. எழுதும்போதே எனக்கு இரத்தம் கொதிக்கிறது. அவரை உனக்குத் தெரியாது. எண்பத்து மூன்றுக் கலவரத்தோடு நாட்டை விட்டு வந்தவர், பெரிய எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், இங்கே எங்கள் ஆட்களின் சங்கத்துக்குத் தலைவர். ஜூலையில் உன் சட்டத்தரணி ஸ்வர்ணா எனக்கு ஃபோன் கோல் எடுத்தார். பாவம், அந்தச் சிங்களப் பெண் ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் கொழும்பிலிருந்து ரயிலேறி வந்து உனக்காக நிற்கிறார். இந்தத் தவணையில் அரச தரப்பு பிணைக்கு மறுப்புச் சொல்லாது போலிருக்கிறது, தயவுசெய்து அதுவரை ஒருவரும் வெளியில் சத்தம் போட வேண்டாம் என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடுவது எவ்வளவு பெரிய வேலை என்று உனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை இடியப்ப மா வாங்கக் கடைக்குப் போனால், பார்க்கிங் லொட்டில் உன் முகம்! ஆள் உயரத்துக்கு ஒரு பதாகை. யாருடையதோ கலியாணத்தில் நீ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்ற படம். கீழே பெரிய எழுத்தில் 'எங்கள் எரிமலை'. தம்பி, கேஸ் அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னால் நெருப்புக்குச்சியை எறிந்துவிட்டு ஓடுகிறவன் நீ. உன்னைப் போய் எரிமலை என்றால் நான் சிரிப்பதா அழுவதா? இருபது பேர் தோசைப் பார்சலும் கையுமாக நின்று கோஷம் போட்டார்கள். அங்கிள் மைக்கைப் பிடித்து, நீ ஒரு சொல் சொன்னால் கலிபோர்னியாவே எழும்பும் என்றார். ஒருவரும் எழும்பவில்லை. ஒரு மெக்சிக்கன் அம்மா மட்டும் தன் தள்ளுவண்டி போக வழி விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டு நின்றார். இவ்வளவும் முகநூலில் நேரலை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அரச தரப்பார் அந்தப் பதாகையை அப்படியே அச்செடுத்து உன் வழக்குக் கோவையில் செருகி, இவனுக்குப் பின்னால் வெளிநாட்டுச் சக்தி இருக்கிறது, விசாரிக்க வேண்டும் என்று நீதவானிடம் கேட்டார்கள். பிணை போய்விட்டது. ஸ்வர்ணா எனக்குச் சொல்லும்போது அவருடைய குரலும் களைத்துப்போயிருந்தது.

நான் விடுவேனா? வேலை முடிந்த கையோடு சன்னிவேலுக்குப் போய் அங்கிளின் வீட்டு வாசலில் நின்று கத்தினேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தி, தண்ணீர் தந்துவிட்டு, பிள்ளை, நாங்கள் இங்க இருந்துகொண்டு வேற என்னத்தைச் செய்யிறது, சொல்லு பாப்பம் என்று கேட்டார். தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். அந்தக் கோபமும் சேர்ந்து வீட்டுக்கு வந்து அத்தானோடு சண்டை பிடித்தேன்.

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். விசாரணை அதிகாரிக்கு எப்படியாவது ஒரு வெளிநாட்டு ஆள் வேண்டும். உன் கைபேசியில் இருக்கிற ஒரே அமெரிக்க எண் என்னுடையது. அமெரிக்காவில் இருக்கும் அக்கா தூண்டித்தான் எழுதினேன், அவர் சொல்லித்தான் வாசலில் சோறு காய்ச்சினேன் என்று நீ எழுதிக் கையெழுத்து வைத்தால் பிணைக்கு மறுப்பில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். முடிவு உன்னுடையது என்று மட்டும்தான் ஸ்வர்ணா என்னிடம் சொன்னார். நீ என்ன செய்தாய்? அக்காவைக் காட்டிக்கொடுக்க மாட்டேன், பொய்யும் எழுத மாட்டேன் என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயாம்.

விசரா உனக்கு? தலையால் தண்ணீர் குடித்தாலும் நீ பிடித்த பிடியை விடமாட்டாய் என்று தெரியும். அதைப் பள்ளிக்கூடத்தில் காட்டு, மறியலில் காட்டாதே. உன் மூச்சிழுப்புக்கு மருந்து நேரத்துக்குக் கிடைப்பதில்லை, இரவில் உட்கார்ந்துகொண்டே நித்திரை கொள்கிறாய் என்று சுவாமி சொன்னார். அம்மா அந்த ஏலாத முழங்காலோடு இரண்டு பஸ் மாறி வந்து, கொண்டுவந்த சாப்பாட்டை வாசலில் திருப்பி வாங்கிக்கொண்டு போகிறார். நீ மெலிந்துவிட்டாய் என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. உன் பழைய காற்சட்டைகளை இடுப்பில் ஒடுக்கக் கொடுத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

பொய் என்கிறாயே, எது பொய்? நாங்கள் வீட்டை விட்டு ஓடும்போது உனக்கு இரண்டு வயது. அந்தச் சமையலறையை நீ கண்ட ஞாபகமே உனக்கு இல்லை. குளத்தின் படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அக்கா, இதில எங்கட வீடு எங்கை இருந்தது என்று கேட்டாய். நான் கம்பெனி கன்டீனில் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, மூலையில் தெரிந்த கோவில் கோபுரத்தை வைத்து இடம் பிடித்துச் சொன்னேன். நீ அதைத்தான் எழுதினாய். அப்படியென்றால் அது என்னுடைய வசனம்தானே? உன் கையெழுத்தை வைப்பதில் என்ன பாவம் வந்துவிடும்?

எனக்கு என்ன செய்துவிடுவார்கள்? கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினால்தானே பிடிப்பார்கள், இறங்காவிட்டால் போயிற்று. இதைச் சொன்னபோது அத்தான் எழும்பிப் போய்க் கழுவின கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றார். பிறகு, அம்மாவை யோசித்தியா என்று கேட்டார். யோசிக்காமலா இருப்பேன்? அம்மாவுக்கு இங்கே வர விசா இரண்டு தரம் மறுத்தாயிற்று, இனியும் கேட்டு அலைக்கழிக்க மனம் இல்லை. கைபேசியில் பார்க்கிறேன்தானே. அவர் அதைப் பிடிக்கிற அழகுக்கு எனக்குத் தெரிவது நெற்றியும் முகட்டு ஓடும்தான், அது வேறு கதை. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு நான் ஊருக்கு வர டிக்கெட் போட்டிருப்பதை நினைத்து நீ தயங்காதே. டிக்கெட் என் பாடு.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன் கபிலாஷ், என் பெயரை எழுதிக் கொடு. கொடுக்காவிட்டால் எனக்கும் எழுதத் தெரியும். என்னை உனக்குத் தெரியும்தானே.

மாதா உன்னோடு இருப்பாராக.

அன்புடன்,
அக்கா


மில்பிடாஸ்,
ஒக்டோபர் 19.

சேசு மரி சூசை துணை

அன்புத் தம்பி கபிலாஷுக்கு அக்கா எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் சுகம், உன் சுகத்துக்காக மன்றாடுகிறோம். இதைத் தபாலில், மறியல் கந்தோர் விலாசத்துக்கே அனுப்புகிறேன். வாசிக்கிற ஐயாமாருக்கும் என் வணக்கம். ஒரு வரியையும் அழிக்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இதன் பிரதி ஒன்று சட்டத்தரணிக்கும் போகிறது.

நீ இன்னும் என்னை மறைத்துக்கொண்டு இருக்கிறாய் என்று அறிந்தேன். இனி மறைக்க வேண்டாம். ஐயாமாரே, முகநூலில் அந்த வரியை எழுதச் சொன்னது நான். விடுதி வாசலில் அடுப்பு மூட்டச் சொன்னதும் நான். இவனுக்கு அடுப்பு மூட்டவே தெரியாது, யாராவது சொல்லிக் கொடுக்காமல் செய்திருப்பானா? எந்தச் சங்கமும் எனக்குக் கட்டளை போடவில்லை. எங்கள் அம்மாவுக்கும் இதில் ஒன்றும் தெரியாது. அந்தப் பதாகையைச் செய்தவர்களுக்கு இவனை நேரில் கூடத் தெரியாது. தெரிந்திருந்தால் எரிமலை என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

சமையலறை எங்கே இருந்தது என்று சொன்னதும் நான்தான். வீட்டை விட்டு வரும்போது இவன் குழந்தை, எனக்குப் பதின்மூன்று வயது. கிழக்கே ஒரு யன்னல், யன்னலுக்கு வெளியே கறிவேப்பிலை, கதவடியில் அம்மி. அந்த அம்மியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாததால் விட்டுவிட்டு வந்தோம். நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால் குளத்துத் தண்ணீரை இறைத்துவிட்டுத் தோண்டிப் பாருங்கள்.

மற்றபடி இங்கே புதினம் ஒன்றும் இல்லை. லக்ஷிகாவின் பல்லுக் கம்பியை இன்னும் கழற்றவில்லை. அந்தோனிப்பிள்ளை அங்கிள் நேற்று வந்தார், தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். சன்னிவேலில் இருக்கும் கண்மணி ஆன்ரி டிசம்பரில் ஊருக்கு வருகிறார். அம்மாவுக்கு வாங்கி வைத்த முழங்கால் பட்டி, உடுப்பு, உனக்கு இழுப்பு மருந்து எல்லாவற்றையும் என் பெட்டியிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டேன். பட்டியை எப்படிப் போடுவது என்று நீதான் அம்மாவுக்குக் காட்ட வேண்டும். இறுக்கிக் கட்டாதே, கால் மரத்துப்போகும்.

பாலன் பிறப்புப் பூசைக்குப் போகும்போது அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொள், அந்தப் பக்கத்துக் கால்தான் ஏலாது. கோவில் படியில் அவரை அவசரப்படுத்தாதே. நீ எப்போதும் அவசரப்படுத்துவாய். நத்தார் அன்று பிள்ளைகளில் ஒருவராவது அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அது நீயாக இரு.

மாதா உன்னைக் காத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பாராக.

இப்படிக்கு,
உன் அக்கா,
ஜெயமலர் ஞானசீலன்

பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதியிருக்கிறேன்.