பத்து கிலோவுக்குள் ஒரு பேஸ் பெட்டி

ஜூலை 14, திங்கள்

குடலிறக்க ஆபரேஷன் முடிந்து பதினெட்டு நாள். வலி இருக்கிறதா இல்லையா என்று தினமும் எழுதி வைக்கச் சொன்னார் நர்ஸம்மா. பரிமளா இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தாள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இருநூறு பக்க நோட்டு! வலி இல்லை. எழுதியாயிற்று. மீதிப் பக்கத்தை என்ன செய்வது?

இன்று தையலைப் பார்த்த டாக்டர் சொன்னார்: "இனிமே பத்து கிலோவுக்கு மேல எதையும் தூக்கக் கூடாது."

"எத்தினி நாளைக்கு சார்?"

"எப்பவுமே."

"பொண்டாட்டிய?" என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. பரிமளா சிரித்தாள். வெளியே வந்ததும் முதுகில் ஒன்று வைத்தாள்.

அந்தச் சிரிப்பு வீட்டு வாசல் வரைக்கும்தான். உள்ளே மூலையில் என் பெட்டி. பதினைந்து அங்குல ஸ்பீக்கர், தேக்கு போல் கனக்கிற மரம், நாற்பத்திரண்டு கிலோ. அதன் மேல் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப் தனியாகப் பதினாலு. பத்தொன்பது வருஷமாகத் தனகோடி அண்ணன் இசைக்குழுவில் நான் பேஸ் கிட்டார் வாசிப்பது இதில்தான். குழுவில் ஒரே ஒரு சட்டம்: அவரவர் சாமானை அவரவரே வேனில் ஏற்றி இறக்க வேண்டும். முடியாதவனுக்கு மேடையில் இடம் இல்லை. டிரம்ஸ்காரர் கை ஒடிந்தபோது ஒரு மாதத்துக்கென்று வந்தவன் ஆறு வருஷமாக வாசித்துக்கொண்டிருக்கிறான்.

ஜூலை 16, புதன்

கீபோர்டு கிரண் சாத்துக்குடியோடு பார்க்க வந்தான். முப்பது வயசு. விரலுக்குச் செய்கிற சாதகத்தைவிடத் தலைமுடிக்குச் செய்கிற சாதகம் அதிகம்.

"அண்ணே, ஆடி பூரா நீங்க ரெஸ்ட் எடுங்க. பேஸ நான் எடது கையால பாத்துக்கறேன்."

"வலது கையையே நீ இன்னும் பாத்துக்கலியேடா" என்றேன். சிரித்தான். ரொம்ப நல்ல பையன். சாத்துக்குடி புளித்தது.

ஜூலை 21, திங்கள்

நேற்று முள்ளிப்பட்டு அம்மன் கோயிலில் கச்சேரி. நான் இல்லாமல் முதல் கச்சேரி. காலையில் தனகோடி அண்ணனுக்குப் போன் போட்டேன். என்னமோ சும்மா கேட்பது போல.

"ஒரு கொறையும் தெர்லடா. வேன்ல காலை நீட்டிகினு போனோம்."

ஆக, பத்தொன்பது வருஷமாக நான் அடைத்துக்கொண்டிருந்தது கால் நீட்டுகிற இடம்.

வலி இருக்கிறது. நர்ஸம்மாவுக்குச் சொல்கிற வலி இல்லை.

ஜூலை 23, புதன்

சென்னையில் இசைக்கருவி விற்கிற கடை ஒன்றுக்குப் பேசினேன்.

"எத்தனை வாட்ஸ் வேணும் சார்?"

"வாட்ஸ் இருக்கட்டும். எத்தினி கிலோ?"

"கிலோவா?"

"பத்துக்குள்ள."

"சார், இது மளிகைக் கடை இல்லைங்க."

சரிக்குச் சரி பேசுகிற ஆள். நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஜூலை 26, சனி

பரிமளாவோடு சென்னை. பழைய பேப்பர்காரரிடம் கொக்கித் தராசை இரவல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். கடைக்காரன் சொல்கிற எடையை நம்ப, தறியில் உட்கார்ந்து பிழைக்கிற நான் என்ன நெசவுக்குப் புதுசா?

முதலில் காட்டியது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒன்றாகச் சேர்ந்த பெட்டி. சத்தம் ஜோர். கொக்கியில் மாட்டினேன். பதினொன்றரை.

"ஒன்றரை கிலோதானே சார் கூட."

"அந்த ஒன்றரைய நீ வந்து தூக்குவியாப்பா?"

அடுத்தது ஐந்து கிலோ. குழந்தையைப் போல் இடுப்பில் வைத்துக்கொண்டு போகலாம். வாசித்தால் கொசு காதோரம் வந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. வீட்டில் பழகுவதற்காம்.

மூன்றாவதுதான் ஆள். ஆம்ப் தனி, டிபன் டப்பா அளவு, முந்நூறு வாட்ஸ். பெட்டி தனி, பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். மரமும் லேசு, உள்ளே இருக்கிற காந்தமும் லேசு. உறையோடு ஒன்பதே முக்கால்! இரண்டு நடையாக எடுத்துப் போனால் டாக்டருக்குக் கூட நெஞ்சு குளிரும்.

"ஒரு பெட்டி மட்டும் மாட்டினா முழு சக்தியும் வராது சார். வேணும்னா பின்னாடி இதே மாதிரி இன்னொண்ணு சேத்துக்கலாம்" என்றார் கடைக்காரர். ஒளிக்காமல் சொன்னது பிடித்திருந்தது.

"ஆயிரம் பேர் மண்டபத்துக்கு இது எப்டிங்க பத்தும்?"

"ஆம்புக்குப் பின்னாடி இந்தத் துளை இருக்கு பாருங்க. இதுலர்ந்து ஒயர் இழுத்து மண்டபத்து ஸ்பீக்கருக்குக் குடுத்துடுங்க. அது ஊருக்கு. பெட்டி உங்க காதுக்கு."

பரிமளா வாசல்படியில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "யோவ், இதுல நீ வாசிக்கிறது தனியா கேக்குதுய்யா" என்றாள்.

பாராட்டுகிறாள் என்று நினைத்து வாங்கிவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

ஆம்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அண்ணன் கடைக்குப் போனேன். குழுவுக்குத் தலைவரும் அவர்தான், எங்களுக்குத் தறிவேலை கொடுக்கிறவரும் அவர்தான். பட்டு நூலை எடை போட்டுக் கொடுத்து, புடவையை எடை போட்டு வாங்கி, நடுவில் ஐந்து கிராம் குறைந்தால் நம் முகத்தைப் பார்ப்பார். பை கைக்கு வந்ததுமே அவர் முகம் மாறியது.

"இன்னாடா, காலி டப்பாவா?"

"ஆம்புண்ணே. முப்பதாயிரம்."

எடுத்துப் பட்டு நிறுக்கிற தராசில் வைத்தார். ஒரு கிலோ முந்நூற்று நாற்பது கிராம். கால்குலேட்டரைத் தட்டினார்.

"கிலோ இருபத்திரெண்டாயிரத்துக்கு மேல ஆவுது. அசல் பட்டே இந்த வெல இல்லியேடா! உன்ன நல்லா ஏமாத்திட்டான்."

"எடைக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்லண்ணே. நீங்க தொண்ணூறு கிலோ இருக்கீங்க. பாட்டு எவ்ளோ மென்மையா வருது!"

கடைப் பெண்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. கல்யாண வீட்டார் மேடையில் பெட்டியின் உயரத்தைப் பார்த்துத்தான் குழுவை மதிக்கிறார்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குக் கொண்டு வர வேண்டும். சரிப்பட்டால் நான் இருக்கலாம். இல்லாவிட்டால் கிரணின் இடது கையே போதுமாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அண்ணன் குடோனில் ஒத்திகை. பெட்டியைத் தரையில் வைக்காமல் நாற்காலியில் ஏற்றினேன். காதுக்கு நேராக. முதல் பாட்டு. ஆகா, என்ன சுத்தம்! ஒவ்வொரு தட்டும் உரித்த பட்டாணி போலத் தனித்தனியாக விழுந்தது. கிரணைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

இரண்டாவது அந்த மெதுவான காதல் பாட்டு. சரணத்தில் எங்கள் பாடகி ஹேமலதா பாடுவதை நிறுத்திவிட்டாள்.

"அண்ணே, இப்ப இன்னா வாசிச்சீங்க?"

"எப்பவும் வாசிக்கறதுதாம்மா."

"எப்பவுமா?"

மறுபடி வாசித்தேன். எல்லோரும் என் பெட்டியைப் பார்த்தார்கள். அது என்ன செய்யும், கொடுத்ததைச் சொல்கிறது. கிரண் இடது கையால் சரியானதை வாசித்துக் காட்டினான். ஒரு சரணத்தில் நாலு இடம். நான் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்.

"பத்தொம்போது வருசமா இதையாடா வாசிச்சிகினு இருந்த?" என்றார் அண்ணன்.

"பழைய பெட்டில எல்லாமே ஒரே கும்முனுதான கேக்கும்" என்றாள் ஹேமலதா. "நான் பேஸ் பெட்டி பக்கத்துக் காதுல பஞ்சு வெச்சிகினுதான் பாடுவேன்."

பஞ்சு! மேடையில் அவள் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைப் பெரிய பாடகி தோரணை என்று எத்தனை ஊரில் கிண்டல் செய்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று யாரையும் கிண்டல் செய்யவில்லை. பரிமளா நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

ஆகஸ்ட் 6, புதன்

பழசே போதும்டா சாமி. அது கும்முனு மூடி வெச்சிகினு என் மானத்த காப்பாத்துச்சு. ஆம்புக்கு முப்பதாயிரமும் பெட்டிக்கு இருபத்தஞ்சும் குடுத்து என் வண்டவாளத்த நானே வாங்கினு வந்தேனே — எவனாவது செய்வானா? தூக்கினா குடல்தான எறங்கும்? இப்ப மட்டும் இன்னா ஏறியா இருக்குது?

பெரிய பெட்டியின் கைப்பிடியில் கை வைத்தேன். ஒரு பக்கம் மட்டும். அரை அடி எழும்பியது. பின்னால் பரிமளா.

"தூக்கு. ஏன் நிறுத்திட்ட? தூக்குய்யா. ஆஸ்பத்திரில உன் துணிய தொவச்சது பத்தல எனக்கு."

மெதுவாகக் கீழே வைத்தேன்.

"தப்பா வாசிக்கிறேன்டி" என்றேன்.

"தெரியும். அன்னிக்கு கடையிலயே கேட்டுச்சு."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"நீ சந்தோசமா இருந்த."

நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வலி கொஞ்சம் இருக்கிறது. இது நர்ஸம்மாவுக்கும் உண்டு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டார். செப்டம்பர் மூன்றாம் தேதி தேசூரில் ரிசப்ஷன். அன்றைக்குச் சரியாக வாசித்தால் குழுவில் இருக்கலாம். தப்பினால் மரியாதையாகச் சால்வை போட்டு அனுப்பி வைப்பாராம். சால்வை என்ன பட்டா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நாற்பத்து மூன்று பாட்டு. ஹேமலதா ஒவ்வொரு பாட்டுக்கும் பேஸ் எப்படிப் போக வேண்டும் என்று வாயாலேயே பாடிப் போனில் அனுப்புகிறாள். கேட்டு, நிறுத்தி, வாசித்து, மறுபடி கேட்டு. இதுவரை பார்த்ததில் பதினாறு தப்பு. ஒரு பாட்டில் தப்பே இல்லை. அதில் பேஸே இல்லையாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தப்பு ஏழு. பரிமளா தறியில் இருந்தபடியே "ம்ஹூம்" என்கிறாள். அவள் "ம்ஹூம்" சொன்னால் சரியாக அங்கேதான் தப்பு. இத்தனை நாள் இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எவன் எவனையோ ரசிகன் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இரண்டு. அந்த மெதுவான காதல் பாட்டு இன்னும் உதைக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

நேற்று தேசூர். ஆம்பைத் துணிப்பையில் ஒரு நடை, பெட்டியை ஒரு நடை. நானே ஏற்றினேன், நானே இறக்கினேன். பெட்டி சின்னதாக இருப்பது கௌரவக் குறைச்சல் என்று அண்ணன் அதன் தலைமேல் ஜரிகை போட்ட பட்டுத் துண்டைப் போர்த்தினார். பெண் வீட்டு அம்மா ஒருத்தர் அதைச் சீர்வரிசை என்று எண்ணி வெற்றிலை பாக்குத் தட்டையும் பழத்தையும் மேலே வைத்துவிட்டுப் போனார். முதல் பாட்டில் நான் தட்டத் தட்ட ஆப்பிள் ஒவ்வொன்றாக மேடையில் உருண்டது.

மண்டபத்து ஸ்பீக்கருக்கு ஒயர் கொடுத்தோம். கடைக்காரர் சொன்னது போலவே கடைசி வரிசை வரை போயிற்று. அந்தக் காதல் பாட்டின் சரணம் வந்தது. நாலு இடம். நாலும் சரி. ஹேமலதா திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள். இரண்டு காதிலும் பஞ்சு இல்லை.

ஆனால் வேறு ஒன்று நடந்தது. அண்ணன் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது சுருதி இறங்குகிறது. எப்போதும் இறங்கியிருக்கும் போல. என் பழைய பெட்டியின் கும்மில் அது இத்தனை வருஷம் பத்திரமாக இருந்திருக்கிறது. இப்போது பேஸ் ஆணி அடித்த மாதிரி ஓர் இடத்தில் நிற்க, அவர் அதற்குக் கீழே தனியாக நின்றார். மாப்பிள்ளையின் மாமா மேடைக்கே வந்து கேட்டார்: "பாட்டுக்காரருக்குத் தொண்ட கட்டிகிச்சா? சுக்குத் தண்ணி கொண்டாரச் சொல்லட்டா?"

அண்ணன் சுக்குத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். வேனில் ஊர் வரும் வரை தொண்டையைச் செருமிக்கொண்டே வந்தார். சால்வைப் பேச்சு இல்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

அண்ணன் போன். குரலில் தேன்.

"டேய், அந்தப் பழைய பெட்டியே எடுத்துகினு வாடா. அதுல ஒரு கனம் இருந்துச்சு. நீ தொட வேணாம். நானும் கிரணும் ஏத்தறோம், எறக்கறோம்."

"சட்டம் இன்னாண்ணே ஆச்சு?"

"சட்டம் கெடக்குது."

எனக்கு நல்லதுதான். இடமும் நிலைக்கும், தூக்கவும் வேண்டாம், தப்பினாலும் தெரியாது. ஒரு நிமிஷம் சரி என்று சொல்லத்தான் இருந்தேன்.

"வேணாண்ணே. அதுல நான் வாசிக்கறது எனக்கே கேக்கல" என்றேன்.

கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். தறிவேலையையும் நிறுத்துவாரோ? பார்க்கலாம்.

செப்டம்பர் 10, புதன்

நிறுத்தவில்லை. நூல் வந்தது. எடை சரி.

செப்டம்பர் 14, ஞாயிறு

பதினோரு மணிக்கு அண்ணன் தனியாக வந்தார். செருப்பை வெளியே விடாமல் கையில் எடுத்து வந்து கதவுக்குப் பின்னால் வைத்தார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். பரிமளா கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்திருந்தார்.

"நீ வெறும் பேஸ் மட்டும் வாசி. மெதுவா. நான் மேல போயி பாக்கறேன்."

ஒரு கிண்டல் நாக்கு நுனி வரை வந்தது. நல்ல கிண்டல், ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சிரிக்கலாம். விழுங்கிவிட்டேன்.

முதல் தடவை இறங்கினார். கையை நீட்டி நிறுத்தச் சொன்னார், பிறகு அவரே வேண்டாம் என்று தலையசைத்தார். நான் அந்த ஒரு சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு, மூன்று, நாலு. ஆறாவது தடவை மேலே வந்து அந்தச் சுரத்தின்மேல் சரியாக உட்கார்ந்தார். அவருக்கே தெரிந்தது. கண்ணைத் திறக்கவில்லை. அவ்வளவு நேரமும் பரிமளா தறியை நிறுத்தவில்லை, தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று.

செருப்பைப் போடும்போது, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"அடுத்த ஞாயிறு நீ வீட்ல இருப்பியாடா?"

இருப்பேன் என்றேன்.