பல்லி என்றேன், கல்யாணம் முடிந்தது

நேற்று மழை ஓய்ந்ததும் மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கப் பள்ளத்திலிருந்து ஒரு மஞ்சள் தவளை கத்த ஆரம்பித்தது. "உங்க சிநேகிதர் இருந்தா இந்நேரம் குடையோட இறங்கியிருப்பார்" என்றாள் என் மனைவி. வாஸ்தவம். நீ போய்ச் சேர்ந்த பிறகு தவளைகளைக் குசலம் விசாரிக்க இந்தப் பேட்டையில் ஆளில்லை.

ஒக்கலிபுரத்தில் உன் வாடகை அறை ஞாபகமிருக்கிறதா? காலேஜில் பிராணி சாஸ்திரம் நடத்திக்கொண்டிருந்தாய். கோயிலில் பார்த்த பெண்ணைத்தான் கட்டுவேன் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாய். அவள் அப்பாவும் அத்தையும் மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். நீயோ வாயைத் திறக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். கோத்திரத்தில் தொடங்கி உன் பல்வலி வரைக்கும். கடைசியில் பெரியவர் என்னைப் பார்த்து, "ஜாதகம் கையிலே இருக்கா மாப்பிள்ளே?" என்று கேட்டுவிட்டார்.

"ஐயோ, எனக்கு ஆயிடுத்து சார். மாப்பிள்ளை இவன்!"

"அப்போ அந்தப் பிள்ளைக்குப் பேச்சு வருமா, வராதா?" என்றாள் அத்தை, அடுத்த தெருவுக்குக் கேட்கும் ரகசியக் குரலில்.

பெரியவர் கிளம்புகிற பாவனையில் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பேச்சை மாற்ற நினைத்து, மேஜைமேல் கண்ணாடி ஜாடியில் டார்ஜிலிங்கிலிருந்து வந்து மிதந்துகொண்டிருந்ததைக் காட்டினேன்.

"பாருங்கோ, மலைப்பல்லி. ஊறுகாய் மாதிரி போட்டு வெச்சிருக்கான்."

"பல்லியா?" துள்ளி எழுந்தாயே! "பல்லிக்குச் செதில் உண்டுடா, மடையா! இது சாலமண்டர். இதோ, தொட்டியிலே இருக்கே தவளை, அதுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ரெண்டுக்கும் ஈரத்தோல். தவளை வளர்ந்தா வால் போயிடும். இதுக்குக் கடைசிவரைக்கும் இருக்கும். தவளை ஊரெல்லாம் கேட்கக் கத்திப் பெண்ணைக் கூப்பிடும். இதுக்குக் கத்தத் தெரியாது. பெண்ணைச் சுத்திச் சுத்தி வரும், அவ்வளவுதான்."

அத்தை உன்னையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"புரிஞ்சுது. மாப்பிள்ளை சாலமண்டர். கத்தறவர் தவளை."

பெரியவர் சிரித்த சிரிப்பில் துண்டு நழுவிக் கீழே விழுந்தது. காப்பி ஆறிப்போகும்வரை நீ பேச்சை நிறுத்தவேயில்லை. அந்த ஆவணியிலேயே முகூர்த்தம்.

இப்போதும் பெண் வீட்டார் முன்னால் வாயடைத்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை எவனையாவது கண்டால், அவனுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி ஒன்றை நான் தப்பாகச் சொல்லிவைக்கிறேன். பாய்ந்து வந்து திருத்துகிறான். பெண்ணும் கதவிடுக்கில் சிரிக்கிறாள். போன மாதம்கூட ஒரு என்ஜினீயருக்காக, ரயில் தண்டவாளம் மரத்தில் செய்வது என்று சாதித்தேன். சம்பந்தம் முடிந்துவிட்டது. என் அறியாமைக்கு ஊரில் ஏக கிராக்கியடா.