மூன்றாம் தரம் கூப்பிடும்வரை

சேசு மரி சூசை துணை

இரத்தோட்டை
18.10.2024

அன்புள்ள மகள் அனுஷ்காவுக்கு,

மாமி மார்கிரட் எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர இங்கே குறை ஒன்றும் இல்லை. சைப்ரஸில் குளிர் தொடங்கப்போகிறது என்று ஷியாம் சொன்னான். வெறுங்காலோடு தரை துடைக்காதே, காலுக்கு மேஸ் போட்டுக்கொள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் உன் குரலைக் கேட்டதும் சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துபோகிறது. பிறகு சாப்பிட்டாயா, மழையா வெயிலா என்று கேட்டே டேட்டா தீர்ந்துவிடுகிறது. வில்கமுவப் பக்கத்துப் பிள்ளை ஒன்று அடுத்த கிழமை அங்கே வேலைக்கு வருகிறது. அதன் கையில் இந்தக் கடிதமும் கொஞ்சம் மிளகும் கொடுத்துவிடுகிறேன்.

பாஸ்குத் திருநாளுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. உனக்குக் கோபம் இருந்தால் நியாயம்தான். அதை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன், தூசி தட்டும்போதெல்லாம் கையில் படுகிறது. கிஷாந்த் என்ற அந்த வத்தேகமப் பையன் உன்னைக் கல்யாணம் கட்டக் கேட்கிறான், கோயிலில் கட்டுவதென்றால் உன் புருஷன் ரொமேஷ் இனி வரமாட்டான் என்று பெற்ற தாய் நான் ஃபாதரிடம் வாயால் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். நான் வற்புறுத்தவில்லை மாமி என்றும் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாய். அந்த வரிதான் என்னை அதிகம் குத்தியது. நீ சண்டை பிடித்திருந்தால் நானும் திருப்பிச் சண்டை பிடித்திருப்பேன்.

இப்போது வீட்டுப் புதினம் சொல்கிறேன். சிரிக்காதே, உன் மாமி கப்பலில் போய் வந்துவிட்டாள்.

ஷியாம் அந்த உல்லாசக் கப்பலில் துணி வெளுக்கும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன் போன கடலிலா தம்பியும் சோறு தேட வேண்டும் என்று எனக்கு ஆத்திரம். அவனோ விடுகிறவனாக இல்லை. வேலை செய்கிறவர்கள் வீட்டு ஆள் ஒருவரைக் கூட்டிப்போகலாமாம், கொழும்பிலிருந்து திருகோணமலை வரை போய்த் திரும்புகிற சின்னப் பயணமாம். “ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்கம்மா, அதுக்கப்புறம் நான் போன் எடுக்காட்டி பயப்பட மாட்டீங்க” என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவான். முழங்காலைச் சாட்டுச் சொன்னேன். மாத்திரை வாங்கி வந்தான். கோழி நிற்கிறதே என்றேன். கோழியை யாரிடம் விடலாம் என்று அவனே ஏற்பாடு செய்துவிட்டான்.

கோழி அல்ல காரணம் என்பது உனக்குத் தெரியும். ரொமேஷ் நீர்கொழும்புப் பக்கம் போய் ஆஸ்திரேலியாவுக்கு என்று மீன்பிடிப் படகு ஏறி, ஒரு தகவலும் இல்லாமல் போன பிறகு நான் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு ஓர் இரவும் வெளியே தங்கியதில்லை. உன்னை ஏர்போர்ட்டில் விட வந்த அன்றுகூட, நீ உள்ளே போய் மறைவதற்குள் பஸ்ஸுக்கு ஓடினேனே.

வேலை விட்டு வரும்போது ரொமேஷ் தண்ணீர்ப் பீலி இருக்கிற பாதை முடக்கிலேயே நின்று “அம்மோவ்” என்று இழுத்துக் கூப்பிடுவான். அந்தக் குரல். அவன் போய்ச் சில மாதம் இருக்கும். ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து பனி இறங்கிய ஒரு பின்னேரம், நீயும் நானும் இஸ்தோப்புத் திண்ணையில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தோம். பனிக்குள்ளிருந்து ஒரு தரம் கேட்டது. உன் விரல் சுளகில் அப்படியே நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை. நம் தோட்டத்து லயத்தில் முதல் கூப்பாட்டுக்கு யார்தான் பதில் சொல்லுவார்கள்? செத்தவர்களுக்கு ஒரு தரம் கூப்பிடத்தான் மூச்சு, உயிரோடு இருக்கிறவன் மூன்று தரம் கூப்பிடுவான் என்பதுதானே நாம் வளர்ந்த பேச்சு. உன் மாமனார் இராயப்பன் இருந்த காலத்தில் மூன்றாம் தரத்துக்குக் கதவையே உதைப்பார். அதனால் நான் இரண்டாவது கூப்பாட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். அது வரவில்லை. அந்த ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டால், என் பிள்ளை எந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்பதை நானே தீர்த்துச் சொன்ன மாதிரி ஆகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு அரிசியைப் பொறுக்கினேன்.

நீ சைப்ரஸ் போன பிறகும் பனி இறங்குகிற நாட்களில் அது வந்தது. துணி எடுக்கும்போது வரும், விறகு பிளக்கும்போது வரும். எப்போதும் ஒரே ஒரு தரம். என்றாவது ஒரு நாள் அவன் மூன்று தரமும் கூப்பிட்டு, வீடு பூட்டிக் கிடந்தால் என்ன நினைப்பான்? அந்தப் பயம்தான் என்னை இங்கே கட்டிப்போட்டிருந்தது. கடைசியில் பக்கத்துக் காம்பரா வீட்டு ஷிரானியிடம் சாவியைக் கொடுத்தேன். கோழிக்குத் தீனி போடு, யாராவது என்னை மூன்று தரம் கூப்பிட்டால் ஓடிப்போய்க் கதவைத் திற என்றேன். யாரென்று அவள் கேட்கவில்லை. நல்ல பெண்.

துறைமுகத்தில் கப்பல் எங்கேடா என்று ஷியாமைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். எதிரே நின்ற வெள்ளைக் கட்டடத்தைக் காட்டினான். நான் அதை ஆஸ்பத்திரி என்று நினைத்திருந்தேன். உள்ளே லிஃப்ட், கம்பளம், எந்த நேரமும் பாட்டு. தேத்தண்ணி கேட்டால் நூல் கட்டிய பையை வெந்நீரில் போட்டு நீட்டுகிறார்கள். ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தவளுக்கு அதைக் குடிக்க வெட்கமாக இருந்தது. என்னோடு அறையில் மாத்தளை டவுன் நூருன்னிஸா, வாசனைச் சரக்குக் கடைக்காரரின் மனைவி. மகன் ஷிஃபான் அங்கே சமையலறையில் வேலை. வாந்திக்கு நல்லது என்று ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய் கொண்டுவந்து எனக்கும் தந்தார். அவர் வாந்தி எடுத்தார், நான் எடுக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

கப்பல் கிளம்பும் முன் எல்லோரையும் மேலே கூப்பிட்டு, ஆபத்து வந்தால் போட்டுக்கொள்கிற செம்மஞ்சள் சட்டையை மாட்டிக் காட்டினார்கள். அதைப் போட்டால் மூழ்க முடியாதாம். தண்ணீர் பட்டதும் தோளில் ஒரு சின்ன விளக்குத் தானாக எரியுமாம். ஊதுவதற்கு ஒரு விசிலும் தொங்குகிறது. மீன்பிடிப் படகுகளிலும் இந்த மாதிரிச் சட்டை கொடுப்பார்களா என்று ஷியாமிடம் கேட்டேன். அவன் என் வாரை இறுக்கிக்கொண்டே இருந்தான். நானும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்குக் கப்பலில் நிம்மதி இல்லை. தட்டு எடுக்கிற பையன், படி துடைக்கிற பையன் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கட்டிலில் படுத்தால் இரும்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர் உரசுகிறது. ரொமேஷ் இதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருப்பான், இவ்வளவு தடித்த இரும்புகூட அவனுக்கு இருந்திருக்காது என்று மனம் அங்கேயே போய் நின்றது. மறுநாள் சாப்பாட்டு மேசையில் நூருன்னிஸா எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இரண்டு ஆண் என்றேன். மூத்தவருக்கு என்ன வயது என்றார். இருபத்தாறு என்று, ரொமேஷ் படகு ஏறிய வயதே வாயில் வந்தது. பக்கத்தில் நின்ற ஷியாமுக்கு முப்பத்து நான்கு. அவன் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது, மகள். தம்பி அண்ணனைத் தாண்டிப் போய்விட்டான். நான் மட்டும் அந்தப் படகுத் துறையிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

திரும்பி வருகிற பின்னேரம், சூரியன் விழுகிற நேரத்தில் நூருன்னிஸாவோடு மேல் தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பனி இல்லை, மேகம்கூட இல்லை. அப்போது கேட்டது. “அம்மோவ்.” கீழே தண்ணீர்ப் பக்கமிருந்து, அதே இழுப்பு.

பழக்கத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இங்கே வீட்டில் என்றால் பனிக்குப் பின்னால் முடக்கு இருக்கிறது, மரம் இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் ஒருவன் நிற்கலாம் என்று நினைக்க இடம் உண்டு. அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர் வெட்டவெளியாகக் கிடந்தது. ஒரு ஆள் மறைந்து நிற்க அங்கே ஒன்றும் இல்லை. கப்பல் வேறு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது, குரல் வந்த இடம் பின்னால் போகிறது. இப்போதும் வாயை மூடிக்கொண்டு நின்றால் இந்தப் பிள்ளையை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன் என்று நெஞ்சு பதறிவிட்டது. “என்னப்பா, அம்மா இங்கதான் நிக்கிறேன்” என்று கத்திவிட்டேன். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மெதுவாக அவனிடம் சில விஷயம் சொன்னேன். அதை உனக்கு எழுதமாட்டேன், அது அவனுக்கும் எனக்கும்.

அங்கே ஒருவரும் இல்லையே, யாரோடு பேசுகிறீர்கள் என்று நூருன்னிஸா கேட்டார். அவருக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. மகனோடு என்றேன். “மூத்தவரோடயா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு இரண்டு கையையும் ஏந்தி அவர்கள் முறைப்படி துஆ கேட்டார். வேலை முடிந்து வந்த ஷியாம் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனும் அழுதான். இத்தனை வருஷத்தில் அவன் அண்ணனுக்காக அழுததை நான் பார்த்ததே இல்லை, என் முன்னால் அழ அவனுக்குப் பயமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஷிரானி சாவியைத் தந்து, ஒருவரும் கூப்பிடவில்லை அக்கா என்றாள். அதற்குப் பிறகு நாலைந்து நாள் பனி நன்றாக இறங்கியது. நான் வேலையைப் போட்டுவிட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இன்றும் கேட்கவில்லை. அது வந்தபோது பயந்தேன், இப்போது வராமல் இருப்பது அதைவிடப் பொல்லாததாக இருக்கிறது. சும்மாவாவது கூப்பிடமாட்டானா என்று இருக்கிறது. ஆனாலும் ராத்திரியில் தூக்கம் வருகிறது, அதை மறைக்கக்கூடாது.

அடுத்த மாதம் ஆத்துமாக்கள் திருநாள். வழக்கமாக உன் மாமனாரின் கல்லறைக்கு மட்டும் ஒரு பாக்கெட் மெழுகுதிரி வாங்குவேன். கல்லறை இல்லாதவர்களுக்கு என்று நடுவில் நிற்கிற பெரிய சிலுவையடியில் எல்லோரும் ஏற்றுவார்கள், நான் அந்தப் பக்கமே திரும்பாமல் போய்விடுவேன். இந்த முறை இரண்டு பாக்கெட் வாங்கினேன். நேற்று ஃபாதரையும் போய்ப் பார்த்தேன். நீ கேட்டதைச் சொல்லிவிட்டேன், மகள். வாயால்தான் சொன்னேன். ஃபாதர் எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நீ இனி அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

கிஷாந்த் உன்னிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டான், நீ ஒன்றும் சொல்லாமல் நிற்கிறாய் என்று எழுதியிருந்தாய். அவன் இன்னொரு தரம் கேட்பான். உயிரோடு இருக்கிறவன் கேட்பான். நம் லயத்துப் பிள்ளை நீ, அப்போதும் பேசாமல் நிற்காதே, பதில் சொல்.

லீவு கிடைக்கும்போது அவனையும் கூட்டிக்கொண்டு வா. பீலி முடக்கில் நின்று கூப்பிடச் சொல். ஒரு தரம் கூப்பிட்டால் போதும், நான் கதவைத் திறப்பேன்.

மாதா உன்னைக் காப்பாளாக.

என்றும் உன்
மாமி மார்கிரட்