ஆடிக் கூழுக்கு டப்பா மாவு

4.7.1993, ஞாயிறு
நான் சொல்கிறேன், மருமகள் சரோஜினி எழுதுகிறாள். கைநாட்டு ஆளுக்கு வேறு வழி? ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

இரும்புலியூரில் கேழ்வரகு போடுகிறவன் இன்றைக்கு நான் ஒருவன்தான். வாங்குவது அம்மன் கோயில் மட்டும், ஆடிக் கூழுக்கு. மற்றவர்கள் எல்லாம் ரொட்டி தின்னும் துரைமார்கள். மூன்று மூட்டை தயார். கோயிலும் எடுக்காவிட்டால் நிலத்தை மனை போட்டு விற்பதாக மகன் குப்புராஜ் சொல்லிவிட்டான்.

9.7.1993
கோயில் கமிட்டித் தலைவர் தணிகாசலம் வந்தார்.

"பெரியவரே, இந்த வருசம் டப்பா மாவு. கடைக்காரர் உபயம். ஊற வைக்க வாணாம், புளிக்க வைக்க வாணாம். சுடுதண்ணில கொட்னா முடிஞ்சிது."

"ஆத்தாளுக்கு இன்னாயா அவ்ளோ அவசரம்?"

"ஆத்தாளுக்கு இல்ல பெரியவரே, எங்களுக்கு டூட்டி கீது."

தீ மிதிக்கவும் நேரமில்லை என்பான். பத்து அடி நடக்கத்தானே!

10.7.1993
அதே டப்பா இந்த வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. எழுதும்மா, ஏன் நிறுத்திவிட்டாய்?

25.7.1993, ஞாயிறு
கூழ் ஊற்றினார்கள். கூழாம்!

டப்பா மாவில் சர்க்கரையும் ஏலக்காயும் ஏற்கெனவே கலந்திருக்கிறது. ஒருவனும் ருசி பார்க்கவில்லை. மேலே ஒட்டியிருந்த தாளைப் படிக்கவும் இல்லை, இத்தனைக்கும் எல்லாரும் படித்தவர்கள். வழக்கம்போல உப்பும் மோரும் சின்ன வெங்காயமும் அள்ளிக் கொட்டினார்கள். தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு வேறு. கீரை விற்கும் கன்னியம்மா முதல் வாய் குடித்துவிட்டுக் கத்தினாள்.

"அடப் பாவிங்களா, பாயசத்துல வெங்காயம் கீதுடா!"

எனக்கு இருமல் வரும்வரை சிரிப்பு.

சிரித்தது கொஞ்ச நேரம்தான். அடுத்த அண்டாவில் மோரும் இல்லை, வெங்காயமும் இல்லை. வெறும் இனிப்பு. வரிசை ஜி.எஸ்.டி. ரோடுவரை போயிற்று. கருவாட்டுக் குழம்பை நாய்க்கு ஊற்றினார்கள். கன்னியம்மாவே தூக்கு நிறைய வாங்கிக்கொண்டு வந்தாள்.

"கோச்சிக்காத நைனா, நல்லாத்தான் கீது."

த்தூ! நாக்கா அது? படையலில் வைத்ததை அம்மனும்தான் துப்பவில்லை. யாரைச் சொல்ல?

26.7.1993
மூட்டைகள் அப்படியே கிடக்கின்றன. குப்புராஜ் மனை புரோக்கருக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

14.8.1993
வாசலில் டெம்போ. அந்த டப்பா கம்பெனியின் ஆள். டப்பா மேலிருந்த விலாசத்துக்குச் சரோஜினி கடுதாசி போட்டிருக்கிறாள் — என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்!

அவன் மூட்டையில் கைவிட்டு நாலு மணியைக் கடித்துப் பார்த்தான். கடிக்கத் தெரிந்தவன், அதை ஒப்புக்கொள்கிறேன்.

"இந்தச் செவப்பு எங்கியும் கெடைக்கல பெரியவரே. அடுத்த தபாவும் போடுவீங்களா?"

"எதுக்கு? நீ சக்கரை போட்டுக் கெடுக்கறதுக்கா?"

"ஆமா பெரியவரே" என்றான். வெட்கமே இல்லை.

துரத்தியிருப்பேன். குப்புராஜும் புரோக்கரும் எதிரே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கீற அரைக் காணி நெலத்துலயும் போடறேன்" என்றேன்.

டெம்போவில் ஏற்றும்முன் விதைக்கு ஒரு மரக்கால் எடுத்துக்கொண்டேன். புரோக்கர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். சரோஜினி சிரிக்கிறாள். அதை எழுதாதே என்றேன், எழுதுகிறாள்.