இரண்டாம் ஓலை

ஜூலை 8, 1972. சனி.

காலையிலிருந்து புழுக்கம். ஏழாம் வகுப்புப் பூகோளத் தாள்கள் திருத்தி முடித்தேன். கங்கையை அரபிக்கடலில் விட்டவர்கள் எட்டுப் பேர்.

பத்து மணிக்கு தி.நகர். மகள் கிரேஸுக்குக் கல்யாணப் புடவை. வெள்ளைப் பட்டு, மெல்லிய சரிகை. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணத்துக்கா வெள்ளை என்று மூன்று தடவை கேட்டார். எங்கள் சபை வழக்கம் என்றேன். அவருக்கு மனசே ஆறவில்லை. கிரேஸ் புடவையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வெயில் களைப்பாக இருக்கும்.

நாளை சபையில் இரண்டாம் கல்யாண ஓலை. போன ஞாயிறு போதகர் ஐயா கிரேஸ், சாமுவேல் பெயர்களை முதல் தடவை சபையில் வாசித்தார். இன்னும் இரண்டு வாசிப்பு. யாரும் தடை சொல்லாவிட்டால் ஆகஸ்டில் கல்யாணம். யார் சொல்லப்போகிறார்கள்? சாமுவேல் ஏழு வயதில் என் ஞாயிறு பள்ளிக்கு வந்தவன். இப்போது தேனாம்பேட்டையில் ஆபீஸ் உத்தியோகம், பாடகர் குழுவில் முதல் குரல். ஆறு வருடம் முன்பு கிரேஸின் அப்பா கண்மூடிய அன்று கட்டிலருகே சங்கீதம் வாசித்தது அவன்தான். மகன் இல்லாத குறையைக் கர்த்தர் தீர்த்தார் என்று அன்றே நினைத்தேன்.

மண்ணெண்ணெய். சிவப்பு மை. கிரேஸின் ரவிக்கை அளவு.

ஜூலை 9. ஞாயிறு.

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஐயா ஓலையை வாசித்து, தடை உண்டானால் சொல்லலாம் என்று வழக்கம்போல நிறுத்தினார். வழக்கமாக அந்த இடத்தில் நாலு பேர் இருமுவார்கள். இன்று வாசலோரம் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள். கறுத்து ஒல்லியாக, நீலப் புடவை. இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை.

"தட கீது சாமி. நான்தான் அவுரு பொஞ்சாதி. இது அவுரு பொண்ணு."

சத்தம் போடவில்லை. மருந்துக் கடையில் விலை சொல்வதுபோலச் சொன்னாள். யாரைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை. பாடகர் வரிசையில் சாமுவேல் பாட்டுப் புத்தகத்தை மூடுவதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மூடிவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போனான்.

ஐயா ஓலையை மடித்தார். அடுத்த பாட்டை அறிவித்தார். நானும் எழுந்து நின்று பாடினேன். என்ன பாட்டு என்று இப்போது யோசித்தாலும் வரவில்லை.

ஜூலை 10. திங்கள்.

ஸ்டாஃப் ரூமில் அலமேலு டீச்சர்: "ஆத்துல யாருக்காவது உடம்பு சரியில்லையா? கண்ணெல்லாம் வீங்கிண்டு இருக்கே." தலைவலி என்றேன். பொய். மூன்றாம் பீரியடில் பலகையில் தேதி எழுதிவிட்டு என்ன பாடம் என்றே தெரியாமல் நின்றேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

5 மணிக்குப் போதகர் வீடு. கிரேஸ் வரமாட்டேன் என்றுவிட்டாள். சாமுவேல் வந்திருந்தான், முகம் வெளுத்து. வேதத்தின் மேல் கை வைத்து, அந்தப் பெண்ணைத் தனக்குத் தெரியவே தெரியாது, ஆபீசில் பொறாமைக்காரர் யாரோ அனுப்பியிருக்கிறார் என்றான். எனக்கு மூச்சு வந்தது. என் கையில் வளர்ந்த பிள்ளை, வேதத்தைத் தொட்டுப் பொய் சொல்லமாட்டான் என்று ஐயாவிடம் நானே சொன்னேன். ஐயா மேஜை இழுப்பறையைத் திறந்தார். அவள் பெயர் கன்னியம்மா, விலாசம் இது என்று ஒரு சீட்டைக் கொடுத்தார்.

நேரில் போய் அவள் வாயாலேயே உண்மையை வரவழைக்கிறேன்.

ஜூலை 12. புதன்.

பள்ளி விட்டதும் பஸ் பிடித்து அடையாறு. ஆற்றோரக் குடிசைகள். குழாயடியில் ஒருத்தியிடம் கன்னியம்மா வீடு எது என்று கேட்டேன். "ஆபீசர் சம்சாரமா? நேரா போ, கோடில" என்றாள். கால் அங்கேயே தயங்கியது.

கன்னியம்மா தேனாம்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. அப்போதுதான் வேலை முடிந்து வந்திருக்கிறாள். முக்காலியைத் துடைத்துப் போட்டாள். என் வகுப்புக் குரலில் கேட்டேன், யார் அனுப்பினார்கள் என்று. அவள் தட்டை எடுத்து வைத்தாள். குழந்தைக்குச் சோறு போட்டாள்.

குழந்தை கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டது. "தட்டுல கீறதும் உன்து சாமி. தட்டில்லாத புள்ளயும் உன்து. ஆமென்."

அது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. இருபது வருடம் முன்பு, பாலர் வகுப்புக்காக நானே கட்டிய ஜெபம். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

யார் சொல்லிக்கொடுத்தது என்று குழந்தையிடம் கேட்டேன். அப்பா என்றது. வாயில் சோறு.

கன்னியம்மா தண்ணீர் கொடுத்தாள். நாலு வருடம் முன்பு அவன் டைபாய்டில் அந்த நர்சிங் ஹோமில் படுத்திருந்தபோது பழக்கமாம். திருநீர்மலைக் கோயிலில் தாலி கட்டினானாம். வாரம் இரண்டு நாள் வருவான். சித்திரையிலிருந்து வரவில்லை. கிளம்பும்போது அவளே சொன்னாள்: "யாரு அனுப்ச்சதுன்னு கேட்டியே டீச்சரம்மா. அத உன் பொண்ணாண்ட கேளு."

ஜூலை 13. வியாழன்.

கேட்டேன். கிரேஸ் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

கல்யாணப் பேச்சு கேள்விப்பட்டு ஜூன் முதல் வாரமே கன்னியம்மா இவள் வேலை செய்யும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு வந்திருக்கிறாள், குழந்தையோடு. எந்த ஞாயிறு, எத்தனை மணி, ஐயா நிறுத்தும் இடத்தில் எழுந்திரு, அழாதே, மூன்றே வாக்கியம் சொல் என்று சொல்லிக்கொடுத்தது என் மகள். முதல் ஓலைக்கே வரச் சொன்னாளாம். அன்று கன்னியம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னேனேம்மா. சாமுவேலப் பத்தி ஒண்ணு கேள்விப்பட்டேன்னு ஆரம்பிச்சேன். அயலானுக்கு விரோதமா பேசுறது பத்துக் கட்டளைக்கே விரோதம்னு நிறுத்திட்டீங்க. நான் முழுசாச் சொல்லியிருந்தா மட்டும் நம்பியிருப்பீங்களா?"

ஞாபகம் இருக்கிறது. மாவு சலித்துக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூலை 14. வெள்ளி.

காலை ஜெபம் ஓடவில்லை. சாமுவேல் செய்ததற்கு அழுகை வருகிறது. கிரேஸ் செய்ததற்கு அழுகைகூட வரவில்லை, உடம்பு சில்லிட்டுக் கிடக்கிறது. தன் தாயிடம் சொல்வதைவிட முந்நூறு பேர் முன்னால் தலைகுனிவது மேல் என்று ஒரு பெண் நினைத்திருக்கிறாள். அந்தத் தாய் நான்.

அவள் செருப்பு மாட்டும்போது வாசலில் போய் நின்று சொன்னேன்: நம்பியிருக்க மாட்டேன், உன்னைத்தான் திட்டியிருப்பேன். கிரேஸ் செருப்பு வாரை இழுத்து மாட்டினாள். 5பி பஸ் வந்துவிடும் என்று ஓடினாள். படியில் இறங்கியதும் திரும்பி, மத்தியானம் சாப்பிடுங்கள் என்றாள்.

சாப்பிட்டேன்.

ஜூலை 15. சனி.

சபைச் சங்கக் கூட்டம். பெரியவர்கள் ஐந்து பேர், ஐயா, சாமுவேல், நான். பொருளாளர் மெதுவாக ஆரம்பித்தார். பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, கல்யாணம் தள்ளிப்போகிறது என்று நான் ஒரு வரி எழுதிக்கொடுத்தால் சபையின் பெயர் கெடாதாம், சாமுவேலும் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொள்வானாம். குழந்தையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எடுக்கவில்லை.

திங்களன்று அவனுக்காக நான் கொடுத்த சாட்சியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அடையாற்றில் கேட்டதைச் சொன்னேன். அந்த ஜெபத்தையும் குழந்தை சொன்னபடியே சொன்னேன். முதல் வரி முடிவதற்குள் சாமுவேல் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். "உங்க முகத்துக்குத்தான் டீச்சர் பயந்தேன்" என்றான். கர்த்தருடைய முகத்துக்கு இல்லை. என் முகத்துக்கு.

இரக்கம் வரவில்லை. வரும்போது வரட்டும்.

சாமுவேலுக்கு நற்கருணைப் பந்தியிலிருந்து நிறுத்தம். மனைவி, பிள்ளைக்குச் செய்ய வேண்டியதை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம். அவனோடு வாழ்வதா வேண்டாமா என்று கன்னியம்மாவிடமே கேட்க வேண்டும் என்றார் ஐயா. கூட்டத்தில் அவர் பேசியது அது ஒன்றுதான்.

ஜூலை 16. ஞாயிறு.

லேசான தூறல். ஓலை வாசிக்கப்படவில்லை. கிரேஸும் நானும் எங்கள் வழக்கமான பெஞ்சில். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பின்னால் யாரோ: "பாவம், இனிமே யாரு கட்டுவா அந்தப் பொண்ண." கிரேஸ் திரும்பி அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நல்ல சிரிப்புதான்.

ஆராதனைக்குப் பிறகு பாலர் வகுப்பு. வாசலில் கன்னியம்மா, தலை சீவிப் பொட்டு வைத்த குழந்தையோடு. அவனோடு வாழ்வதாக இல்லை என்று ஐயாவிடம் சொல்லிவிட்டாளாம். பிள்ளை மட்டும் இங்கே பாட்டுக் கற்கட்டும் என்று வந்திருக்கிறாள். அவளை மதம் மாறச் சொல்வோமோ என்று பயம். கேட்கமாட்டோம் என்றேன். ஐயாவிடம் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

ரிஜிஸ்தரைத் திறந்தேன். பிள்ளையின் பெயர்: செல்வி. வயது: மூன்று. அடுத்த கட்டம் தகப்பன் பெயர். பேனா அங்கேயே நின்றது.

"அவன் பேரு வோணாம் டீச்சரம்மா. எம்பேர எழுது."

கன்னியம்மா என்று எழுதினேன்.