நான் நிறுத்திய நடை

அண்ணி,

இன்று காலை நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரை ஆறவைத்து அதில் கையை நனைத்தேன். ஆவி முகத்தில் பட்டதுமே நீங்கள் வந்துவிட்டீர்கள். அடுப்படி மூலையில் மணையைப் போட்டு உட்கார்ந்து, பாத்திரத்துக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, ஒவ்வொரு விரலாக மடக்கி விரிப்பீர்களே, அந்த வாசனை. எத்தனை நாள் நான் அதை முகம் சுளித்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன்! இன்று இலையும் அதேதான், வெந்நீரும் அதேதான். கை மட்டும் என்னுடையது.

எனக்கும் வந்துவிட்டது அண்ணி. காலையில் விழித்தால் விரல்கள் மூடியபடியே இருக்கின்றன. புடவைக் கொசுவத்தைச் செருக வரவில்லை. காலைக் கட்டிலிலிருந்து கீழே இறக்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. பத்து மணி வாக்கில் எல்லாம் மெல்ல இளகுகிறது. அப்புறம் நான் நடக்கிறேன், கடலை உரிக்கிறேன், இதோ பேனா பிடித்து எழுதுகிறேன். காலையில் முடங்கிக் கிடந்தவள் மத்தியானம் நடமாடுகிறாள் என்றால் யாராவது நம்புவார்களா என்று யோசித்தேன். யோசித்த நிமிஷமே உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. நம்பாதவள் ஒருத்தி இருந்தாளே, அது நான்தானே.

நீங்கள் என் வீட்டுக்காரருக்கு அக்கா. பினாங்குக்குப் போன உங்கள் புருஷனிடமிருந்து யுத்தத்தில் கடுதாசி நின்றுபோன வருஷம், தகரப் பெட்டியோடு அரியலூர் ஸ்டேஷனில் இறங்கினீர்கள். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸில் பெரம்பலூர் வந்து, அங்கிருந்து நம் வண்டியில் வீடு வந்து சேர்ந்தீர்கள். உங்களுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. விரல் கணுக்கள் அப்போதே வீங்கியிருந்தன. வண்டியிலிருந்து இறங்க உங்கள் தம்பி தோள் கொடுத்ததைப் பார்த்தபோது, ஐயோ பாவம் என்றுதான் எனக்கும் இருந்தது. அந்தப் பாவம் இரண்டு மாசம்கூடத் தாங்கவில்லை.

நம் பக்கத்து வீடுகளில் விடிவதற்கு முன்னால் செய்வதுதான் வேலை. வாசல் தெளித்து, கோலம் போட்டு, கொட்டகை கூட்டி, தயிர் கடைந்து முடித்தபிறகுதான் வெயில் வரவேண்டும். வெயில் ஏறியபின் ஒருத்தி எவ்வளவு செய்தாலும் அது வேலையென்று பேர் வாங்காது. உங்களுக்கோ விடியலில் சொம்பைக்கூடத் தூக்க வராது. பத்து மணிக்கு மேல் மரக்கால் மரக்காலாகக் கடலை உரிப்பீர்கள், வரகு புடைப்பீர்கள், என் பெண்ணுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவீர்கள். அதெல்லாம் என் கண்ணில் படவே இல்லை. கொட்டகையில் நான் ஒற்றை ஆளாகச் சாணி அள்ளுவது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

என் வாய் சும்மா இருக்குமா? ஒருநாள் நேருக்கு நேராகவே கேட்டேன்.

"காலையில கை வரல, கால் வரலங்கறீங்க. சாயங்காலம் கோயிலுக்கு ஒரு மைல் நடக்கறப்ப மட்டும் அந்த நோவு எங்க போவுது?"

"நடக்க நடக்கத்தான் புள்ள அது போவுது. உக்காந்தேன்னா பூட்டிக்குது."

"நோவுன்னா படுக்கணும். ஊர் உலகத்துல நடந்து நோவு போனதா யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

நீங்கள் சிரித்தீர்கள். "எனக்கும் யாரும் சொல்லல. இந்தக் காலுதான் சொல்லுது" என்றீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருந்தது. நடிக்கிறவள் அகப்பட்டுக்கொண்டு சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

நாலு மணிக்கு உங்கள் தம்பி வெட்டிக் கொடுத்த வேப்பங்கழியை ஊன்றிக்கொண்டு கிளம்புவீர்கள். புளியமரச் சாலையில் மெதுவாகப் போய், மைல்கல்லில் கொஞ்சம் உட்கார்ந்து, வாலிகண்டபுரம் சிவன் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி, விளக்கு வைக்கும் முன் திரும்பிவிடுவீர்கள். தினமும் போனீர்களா என்றால் அதுவும் இல்லை. முழங்கால் வீங்கிச் சூடாக இருக்கிற நாளில் படுத்துக்கொள்வீர்கள். "இன்னைக்கு அது கோவமா இருக்கு, சீண்டக் கூடாது" என்பீர்கள். மறுநாள் வாசல் வரை. அதற்கு மறுநாள் தெருமுனை வரை. அப்புறம்தான் பழையபடி கோயில். முட்டுகிற மாட்டின் குணத்தைப் பழக்குகிறவன் தெரிந்துவைத்திருப்பதுபோல உங்கள் நோவை நீங்கள் தெரிந்துவைத்திருந்தீர்கள். எனக்கு அதுவும் நடிப்பாகத்தான் தெரிந்தது. இஷ்டப்பட்டால் வலி, இஷ்டப்பட்டால் நடை என்று பொருமினேன்.

மேலத்தெருப் பவுனு, என் வயதுக்காரி, வயலிலிருந்து திரும்பும்போது மைல்கல்லில் உங்களோடு சேர்ந்துகொள்வாள். இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டு தெருவுக்குள் வருவீர்கள். எனக்கு வயிறு எரியும். உண்மையைச் சொல்வதற்கென்ன இப்போது, பொறாமைதான்.

அப்போது நான் ஏழு மாசம் முழுகாமல் இருந்தேன். ஒரு விடியற்காலையில் கொட்டகைச் சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் நீங்கள் கோயிலிலிருந்து பெண்ணுக்குத் தும்பைப்பூ பறித்துக்கொண்டு சிரித்த முகமாக உள்ளே வந்தீர்கள். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ கெட்டுப்போயிற்று. மறுநாள் மத்தியானம் அவருக்குச் சோறு போடும்போது சொன்னேன்.

"ஊர்ல ஒரு மாதிரி பேசிக்கிறாங்க."

"என்னன்னு?"

"புருஷன் சேதியே தெரியல, பொழுது சாயறப்ப தனியா யாரைப் பாக்கப் போறாங்கன்னு."

சோறு பிசைந்த கை நின்றுவிட்டது. "யாரு சொன்னது?"

"கெணத்தடியில எல்லாருந்தான்."

ஒரு பேரைச் சொன்னால் நேரே போய்க் கேட்டுவிடுவார். அது தெரிந்துதான் எல்லாரும் என்றேன். அப்படி ஒருத்தியும் சொல்லவில்லை அண்ணி. கிணற்றடியில் உங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், மூட்டு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார்கள்.

அவர் உங்கள் முகத்தைப் பார்க்காமல், நிலைப்படியில் நின்றபடி சொன்னார்: "அக்கா, இனிமே கோயிலுக்கெல்லாம் வேணாம். வூட்டுலயே இரு. ஊரு வாய் நல்லா இல்ல." நீங்கள் கழியைக் கதவு மூலையில் சாத்தினீர்கள். அப்புறம் அடுப்படிக்கு வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"பவுனுமா பேசுனா?"

நான் குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தேன். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. நீங்கள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டீர்கள். அதற்கப்புறம் பவுனு வாசலில் வந்து கூப்பிட்டால் எழுந்து உள்ளே போய்விடுவீர்கள்.

பத்து நாள் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் கை பிடிக்கிற கையாக இல்லை, என் மணிக்கட்டின் மேல் சும்மா வைத்ததுபோல் இருந்தது. "நடையை வுட்டா காலு என்னை வுட்டுடும் புள்ள. இப்பவே தெரியுது. நீ சொன்னா தம்பி கேப்பான். தனியாப் போனாத்தானே பேச்சு, நீயும் கூட வாயேன். உனக்கும் இந்த மாசத்துல நடக்கறது நல்லதுதானே" என்றீர்கள்.

"சொல்றேன் அண்ணி" என்றேன்.

சொல்லவில்லை. முதலில் வீம்பு. அப்புறம் பயம். இதைப் பேச்சுக்கு எடுத்தால் அது பொய் என்பது வெளியே வந்துவிடுமே. நீங்கள் ஒரு மாசம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டீர்கள்.

கொஞ்ச நாள் முற்றத்தையே சுற்றிச் சுற்றி நடந்தீர்கள். நெல் காயும்போது குறுக்கே நடந்தால் எப்படி என்று அதற்கும் சள்ளென்று விழுந்தேன். சீ! நினைத்தால் இந்தப் பேனாவைத் தூக்கி எறிந்துவிடலாம்போல் இருக்கிறது. அந்த மழைக்காலத்தில் உங்கள் முழங்கால் மடங்கியது மடங்கியபடி நின்றது. அடுத்த பொங்கலுக்கு உங்களை வாசலுக்குத் தூக்கிவந்து உட்காரவைத்தோம். அவர் பெரம்பலூருக்குப் போய்த் தைலம் தைலமாக வாங்கிவந்தார். "அலட்டிக்காம படுத்திரு அக்கா, சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரும் என்னைப்போல ஒன்றும் தெரியாதவர். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை.

உங்களைக் குளிப்பாட்டினேன், சோறு ஊட்டினேன். நாத்தனாரை இப்படிப் பார்க்கிற பொம்பளை உண்டா என்று ஊர் என்னைத் தூக்கிவைத்துப் பேசியது. நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் ஐப்பசி மாசக் காய்ச்சலில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். பவுனு ஓடிவந்து, "எங்கிட்ட என்ன கோவம்னு சொல்லாமயே போயிட்டீங்களே" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் சத்தம் யாருக்கும் கேட்கக் கூடாது என்று நான் அவளைவிடப் பெரிதாக அழுதேன்.

போன மாசம் பையன் என்னை அரியலூருக்கு அழைத்துப்போனான். சின்ன வயது டாக்டரம்மா. என் விரலை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இந்த மூட்டுவாதம் காலையில இறுக்கிப் புடிக்கும்மா, அசைய அசைய இளகும். வீங்கிச் சூடா இருக்கற அன்னைக்கு ஓய்வா இருங்க. மத்த நாள்ல மாத்திரையும் போடணும், முடிஞ்ச மட்டும் நடக்கவும் நடக்கணும். கனம் தூக்காதீங்க. வலிக்குதேன்னு படுத்தே கிடந்தா சதை வத்தி, மூட்டு மடங்கினபடியே நின்னுடும்."

"எங்க நாத்தனார் இதையேதான் சொல்லுவாங்க" என்று என் வாயில் வந்துவிட்டது.

"கெட்டிக்காரங்கதான். இப்ப நல்லா நடக்கறாங்களா?"

பையன்தான் பதில் சொன்னான்: "அத்தை செத்து ரொம்ப வருஷம் ஆச்சுங்க. கால் முடங்கிப்போய் படுத்த படுக்கையா இருந்தாங்கன்னு சொல்லுவாங்க."

"அடடா. ஏன் நடக்கறத நிறுத்துனாங்க?"

அவனுக்குத் தெரியாது. நீங்கள் கையைப் பிடித்துக் கேட்டபோது அவன் என் வயிற்றில் இருந்தான்.

அன்றிலிருந்து நாலு மணிக்கு நானும் கிளம்புகிறேன். உங்கள் கழிதான். கதவு மூலையிலிருந்து அதை எடுக்க எனக்கு இத்தனை வருஷம் கை வரவில்லை. கழியின் மேல்முனையில் நீங்கள் பிடித்த இடம் வழவழவென்று இருக்கிறது, என் விரல் அதில்தான் போய் உட்காருகிறது. பவுனும் கூட வருகிறாள். பல்லெல்லாம் கொட்டிவிட்டது, குரல் மட்டும் குறையவில்லை. மைல்கல்லுக்கு வந்ததும், "செத்த உக்காருடி" என்று அவளே என்னைப் பிடித்து உட்காரவைப்பாள்.

நேற்று அந்தக் கல்லில் வைத்துத்தான் கேட்டாள். "ஏன் புள்ள, அந்தக்கா ஏன் கடைசி வரைக்கும் எம் மூஞ்சியப் பாக்கல? கூட இருந்தவ நீ, உனக்குத் தெரியாம இருக்காதே."

சொல்லிவிட்டேன் அண்ணி. சோறு போட்டுக்கொண்டே சொன்ன பொய், அடுப்படியில் வாயை மூடிக்கொண்டிருந்தது, நீங்கள் கையைப் பிடித்துக் கேட்டது, எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து, என்னைத் தொடாமல், தனியாகத் தெருவைப் பார்த்து நடந்தாள். நாலடி போய் நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"அந்தக்கா வருவாங்க, வருவாங்கன்னு ஒரு மாசம் தெனம் இந்தக் கல்லுகிட்ட நின்னுட்டுத்தான்டி வூட்டுக்குப் போனேன்."